5 எச்.பி. மோட்டாருக்கு எது சரி: எம்.சி.பி. மட்டுமா, ஸ்டார்ட்டரா, எம்.பி.சி.பி.யா?

மூன்று ஃபேஸ் 5 எச்.பி. மோட்டார் ஒன்று வாங்கியாயிற்று. மாவு மில்லுக்கோ, கிணற்றுக்கோ, லேத்துக்கோ. அதற்குப் போர்டு போட எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். "மூணு போல் எம்.சி.பி. ஒண்ணு போட்டு அதிலேயே ஆன், ஆஃப் பண்ணிக்கோங்க" என்பார் ஒருவர். "எம்.சி.பி.யோட ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் சேர்த்து வாங்குங்க" என்பார் இன்னொருவர். "எம்.பி.சி.பி.யும் காண்டாக்டரும் போட்டுடுங்க, பிரச்சினையே இல்லை" என்பார் மூன்றாமவர். இதே வரிசையில் விலையும் ஏறும். எம்.சி.பி. என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச். 'போல்' என்பது அதில் ஒரு ஃபேஸுக்கான பாதை. காண்டாக்டர் என்பது பட்டனை அழுத்தினால் காந்தத்தால் மூடும் சுவிட்ச். டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் என்பது மோட்டாரை நேரடியாக லைனில் இணைத்து ஓட்டும் பெட்டி. எம்.பி.சி.பி. என்பது மோட்டாருக்கென்றே செய்த பிரேக்கர். எதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பது புரிந்துவிட்டால் முடிவெடுப்பது சுலபம். அதற்கு அந்தப் பெட்டிகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் மோட்டாரின் கணக்கு. 5 எச்.பி. என்றால் 3.7 கிலோவாட். 415 வோல்ட்டில் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். சப்மெர்சிபிள் மோட்டார் என்றால் அதே 5 எச்.பி.க்கு 9, 10 ஆம்பியர்கூட ஆகலாம். ஆகவே பெயர்ப் பலகையில் உள்ள எண்தான் கணக்கு. நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது 6, 7 மடங்கு, அதாவது 45 முதல் 50 ஆம்பியர் வரை, இரண்டு மூன்று விநாடி ஓடும். சுவிட்ச் போட்ட முதல் ஒன்றிரண்டு அலையில் அதைவிடவும் மேலே எகிறும். இந்த 7.5, 50 என்ற இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எம்.சி.பி.க்குள் என்ன இருக்கிறது

எம்.சி.பி.யின் கைப்பிடியை மேலே தள்ளும்போது ஒரு ஸ்பிரிங்கை இழுத்துப் பூட்டிவைக்கிறோம். அந்தப் பூட்டை ஒரு சிறு கொக்கி தாங்குகிறது. கொக்கியைத் தட்டிவிட உள்ளே இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் மெதுவானவர்: இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. மின்னோட்டம் கூடினால் சூடாகி வளைந்து கொக்கியைத் தள்ளும். இன்னொருவர் அவசரக்காரர்: கனமான கம்பியில் சுற்றிய காயில். ஷார்ட் ஆனதும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு பாய்ந்து கொக்கியை அடிக்கும். நீங்கள் கைப்பிடியை மேலே அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே ட்ரிப் ஆகி இணைப்பு அறுந்துவிடும்.

மெதுவானவருக்கு ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரநிலை வகுத்த எல்லை இது. எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ட்ரிப் ஆகக் கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆக வேண்டும். அவசரக்காரருக்கான எல்லையைத்தான் பி, சி, டி என்ற எழுத்துகள் சொல்கின்றன. பி என்றால் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10, டி என்றால் 10 முதல் 20. சி16 என்ற எம்.சி.பி. 80 ஆம்பியருக்கும் 160 ஆம்பியருக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் சட்டென்று விழும், அதாவது ட்ரிப் ஆகும். எந்த இடம் என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். "எம்.சி.பி.யை மாற்றினேன், புதியது மட்டும் ட்ரிப் ஆகிறது" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பாயிண்ட், அதாவது மின்னோட்டத்தை இணைத்துப் பிரிக்கும் உலோக முனைகள், பிரிந்ததும் மின்னோட்டம் நின்றுவிடாது. இடைவெளியில் காற்றே கடத்தியாகி ஆர்க் என்ற மின்பொறி எரியும். எம்.சி.பி.யின் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு எஃகுத் தகடுகள் அடுக்கிய கூடு இருக்கும். ஆர்க்கைக் காந்த விசை அந்தக் கூட்டுக்குள் தள்ளும். உள்ளே போனதும் ஒரே ஆர்க் பல துண்டாக அறுபடும். ஒவ்வொரு துண்டும் எரிய ஏறத்தாழ 20 வோல்ட்டுக்கு மேல் கேட்கும். எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்துத் தேவையான வோல்ட்டேஜ் லைனில் இருப்பதை நெருங்கும்போது ஆர்க் மூச்சுத் திணறி அணைந்துவிடும். இந்தக் கூடு இருப்பதால்தான் சின்ன எம்.சி.பி. 10,000 ஆம்பியர் ஷார்ட்டை நிறுத்த முடிகிறது.

ஆனால் அந்தக் கொக்கியும் ஸ்பிரிங்கும் நாள் முழுக்கப் போட்டு எடுப்பதற்காகச் செய்தவை அல்ல. மேற்சொன்ன தரநிலையில் சுமையோடு போட்டு எடுக்கும் ஆயுள் சோதனை 4,000 தடவைதான். நாளைக்கு 20 தடவை மோட்டாரை எம்.சி.பி.யிலேயே ஆன், ஆஃப் செய்தால் 200 நாளில் 4,000 ஆகிவிடும். நல்ல தயாரிப்பு அதைத் தாண்டி உழைக்கும்தான். ஆனால் தேய்ந்த பாயிண்ட்டோடு அது ஒரு ஷார்ட்டைச் சந்திக்கும் நாளில் முழு பலத்தோடு இருக்காது.

காண்டாக்டர் வேறு பிறவி

காண்டாக்டரில் கொக்கி கிடையாது, பூட்டு கிடையாது. ஆங்கில 'E' எழுத்து வடிவில் தகடு அடுக்கிய இரும்பு கீழே, இன்னொன்று மேலே, நடுவில் காயில், தள்ளிவிட ஒரு ஸ்பிரிங். ஏ1, ஏ2 டெர்மினலில் சப்ளை கொடுத்தால் மேல் இரும்பு கீழே ஒட்டும். அதோடு சேர்ந்து மூன்று பாயிண்ட்டும் மூடும். சப்ளை போனால் ஸ்பிரிங் திறந்துவிடும். அவ்வளவுதான். இப்படி எளிமையாக இருப்பதால்தான் மோட்டார் சுமையில் பத்து லட்சம் தடவை அளவுக்கு உழைக்கிறது. சுமையில்லாமல் என்றால் கோடி தடவை.

காயிலில் ஓடுவது ஏசி என்பதால் 50 ஹெர்ட்ஸில் காந்தம் விநாடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடும். அப்போது இரும்பு விலகப் பார்க்கும். அதைத் தடுக்க இரும்பின் முகத்தில் ஒரு செம்பு வளையத்தைப் பதித்திருப்பார்கள். வளையத்துக்குள் போகும் காந்தம் சற்றுத் தாமதமாக எழுவதால் மொத்த இழுவை எந்தக் கணத்திலும் பூஜ்ஜியம் ஆகாது. காண்டாக்டர் 'கொர்ர்' என்று கத்தினால் இந்த வளையம் உடைந்திருக்கும், அல்லது இரும்பு முகங்களுக்கு நடுவே தூசியோ துருவோ ஏறியிருக்கும், அல்லது வோல்ட்டேஜ் குறைவாக இருக்கும். மாவு மில்லில் முக்கால்வாசி நேரம் மாவுத் தூசிதான்.

சத்தத்தோடு விட்டுவிடக் கூடாது. சின்ன காண்டாக்டரின் காயில் ஒட்டும் கணத்தில் 70 வி.ஏ. அளவுக்கு இழுக்கும், ஒட்டியபின் 7, 8 வி.ஏ. போதும். இரும்பு முழுக்க ஒட்டாமல் இடைவெளி இருந்தால் மின்னோட்டம் குறையாமல் அப்படியே ஓடி, சில நிமிடத்தில் காயில் கருகும். காயிலை மட்டும் மாற்றிவிட்டு இரும்பு முகத்தைத் துடைக்காமல் விட்டால் அடுத்த காயிலும் போகும்.

இதன் பெரிய குறை, ஷார்ட்டை நிறுத்தத் தெரியாது. மோட்டார் சுமைக்கான வகைப்பாட்டை ஏசி-3 என்பார்கள். அதில் சோதிக்கும்போது காண்டாக்டர் தன் ஆம்பியரைப் போல 8 மடங்கு வரை அறுக்க வேண்டும் என்பதுதான் விதி. 9 ஆம்பியர் காண்டாக்டர் என்றால் 72 ஆம்பியர். அதன் வழியே 2,000 ஆம்பியர் பாய்ந்தால் அந்த விசையே பாயிண்ட்டை ஒரு கணம் தூக்கும், நடுவில் ஆர்க் எரிந்து வெள்ளி உருகும், மறுபடி மூடும்போது பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

ஆக, விபத்தை நிறுத்த ஒன்று, தினசரி வேலை செய்ய இன்னொன்று. இரண்டில் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை. எந்த ஜோடியைப் போடுவது என்பதே கேள்வி.

முதல் வழி: எம்.சி.பி. மட்டும்

இதைப் பற்றி எங்கள் தீர்ப்பு ஒளிவுமறைவில்லாதது: மோட்டாருக்கு இது பாதுகாப்பு இல்லை.

கணக்கைப் பாருங்கள். சி10 போட்டால் அதன் உடனடி எல்லை 50 ஆம்பியரில் தொடங்குகிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதே விழும். ஆகவே சி16 அல்லது சி20க்குப் போவார்கள். மோட்டார் ஓடும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று வையுங்கள். டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போவது நம் ஊரில் அதிசயம் இல்லை. மோட்டார் நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில் ஏறத்தாழ 1.73 மடங்கு இழுத்து ஓடும்: 13 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 13 ஆம்பியர் சாதாரணச் சுமை. அது எத்தனை மணி நேரமானாலும் ட்ரிப் ஆகாது. உள்ளே மூன்று வைண்டிங்கையும் டெல்டாவாக (முக்கோணமாக) கட்டிய மோட்டாரில் நிலைமை இன்னும் மோசம். லைனில் 1.73 மடங்கு ஓடும்போது ஒரு வைண்டிங்கில் மட்டும் அதன் வழக்கமான அளவுக்கு இரண்டு மடங்கு ஓடும். சூடு மின்னோட்டத்தின் இருபடிக்கு ஏற்றாற்போல் கூடும் என்பதால் அந்த வைண்டிங்கில் நான்கு மடங்கு சூடு. ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டாரில் ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் கருகி மற்றவை புதிதுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போது. எம்.சி.பி.க்குக் கரண்ட் போனது தெரியாது. கைப்பிடி மேலேயே இருக்கும். பெல்ட்டைச் சரிசெய்யக் கையை விட்டிருக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்கும். மாவு மில், மரம் அறுக்கும் ரம்பம், லேத் மூன்றிலும் இது விரலை எடுத்துவிடும் விஷயம். காண்டாக்டரோ கரண்ட் போன கணத்தில் திறந்துவிடும். யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி மூடும்.

இரண்டாம் வழி: எம்.சி.பி., காண்டாக்டர், ஓவர்லோடு ரிலே

பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும், இதுவே சரி. கடையில் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் என்று கேட்டால் ஒரே பெட்டியில் கிடைப்பது காண்டாக்டரும், மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் காண்டாக்டரைத் திறக்க வைக்கும் ஓவர்லோடு ரிலேயும்தான். முன்னால் எம்.சி.பி. தனியே போட வேண்டும். ஸ்டார்ட்டர் இருக்கிறதே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

காண்டாக்டர்: 9 ஆம்பியர் ஏசி-3 என்பது 4 கிலோவாட் வரைக்கும். 5 எச்.பி.க்குத் தாளில் இதுவே போதும். நாங்கள் 12 ஆம்பியரைத்தான் சொல்வோம். கிராமத்து லைனில் வோல்ட்டேஜ் 350க்கு இறங்கினால் அதே வேலைக்கு மோட்டார் 9 ஆம்பியர் இழுக்கும். அப்போது 9 ஆம்பியர் காண்டாக்டரில் மிச்சம் எதுவும் இல்லை. வாங்கும்போது ஏசி-1 ஆம்பியரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஹீட்டர் போன்ற சுமைக்கான எண். அதே காண்டாக்டரில் 25 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும்.

ஓவர்லோடு ரிலே: 7.5 ஆம்பியர் நடுவில் விழும்படியான அளவு, உதாரணமாக 6 முதல் 10 ஆம்பியர் வரையுள்ளது. டயலைப் பெயர்ப் பலகை எண்ணில் வைக்க வேண்டும். வைத்த அளவைப் போல 1.05 மடங்கில் இரண்டு மணி நேரம் தாங்கும், 1.2 மடங்கில் இரண்டு மணி நேரத்துக்குள் விழும். எம்.சி.பி.யின் 1.45 மடங்கோடு ஒப்பிடுங்கள். மோட்டாருக்கு வேண்டியது இந்த நெருக்கம்தான். வகுப்பு 10 என்றால் 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 4 முதல் 10 விநாடிக்குள் விழும். பம்புக்கு அது பொருத்தம், சப்மெர்சிபிளுக்குக் கட்டாயம். கனமான சக்கரம் சுற்றி வேகம் எடுக்க 10 விநாடிக்கு மேல் ஆகும் இயந்திரம் என்றால் வகுப்பு 20.

எம்.சி.பி.: ஓவர்லோடை ரிலே பார்த்துக்கொள்வதால் இதன் வேலை ஷார்ட்டும் வயரும் மட்டும். சி20 அல்லது டி16. எது என்பது வயரின் நீளத்தைப் பொறுத்தது, இதைப் பலரும் யோசிப்பதில்லை. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்கு 7.4 ஓம். கிணறு 300 மீட்டர் தள்ளி இருந்தால் போக 2.2, வர 2.2 ஓம். அங்கே இரண்டு ஃபேஸ் ஒட்டிக்கொண்டால் 415ஐ 4.4ஆல் வகுத்தது, சுமார் 95 ஆம்பியர்தான் ஓடும். டி16 உடனடியாக விழ 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். சி20க்கும் 100க்கு மேல் வேண்டும். ஆக ஷார்ட் ஆனபின்னும் மெதுவான பட்டை சூடாகும் வரை, சில விநாடிகள், வயர் காய்ந்துகொண்டே இருக்கும். தூரம் அதிகம் என்றால் 4 அல்லது 6 சதுர மி.மீ. வயரும் சி வகையும் போடுங்கள். டி வகை போர்டுக்குப் பக்கத்திலேயே மோட்டார் உள்ள பட்டறைக்குத்தான்.

எம்.சி.பி. எத்தனை ஆயிரம் ஆம்பியர் ஷார்ட்டைத் தாங்க வேண்டும் என்பதை டிரான்ஸ்பார்மர் சொல்லிவிடும். 4.5 சதவீத இம்பீடன்ஸ் (உள்தடை) உள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் வாயிலிலேயே ஷார்ட் ஆனாலும் ஏறத்தாழ 3,000 ஆம்பியர்தான் வரும். 10,000 ஆம்பியர் எம்.சி.பி. தாராளம். அதே இம்பீடன்ஸில் 500 கே.வி.ஏ. என்றால் 14,800. டிரான்ஸ்பார்மரை ஒட்டியே இருக்கும் போர்டில் சாதாரண எம்.சி.பி. அங்கே தோற்கும்.

கண்ட்ரோல் வயரிங்கில் எல்லாம் ஒரே சங்கிலி: ஃபேஸிலிருந்து ரிலேயின் 95-96 (ரிலே விழுந்தால் திறக்கும் பாயிண்ட்), அங்கிருந்து ஸ்டாப் பட்டன், பிறகு ஸ்டார்ட் பட்டன், பிறகு காயிலின் ஏ1. ஏ2 இன்னொரு ஃபேஸுக்கு அல்லது நியூட்ரலுக்கு, காயிலின் வோல்ட்டேஜைப் பொறுத்து. ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கவாட்டில் காண்டாக்டரின் 13-14 துணைப் பாயிண்ட்டை இணைத்தால் விரலை எடுத்தபின்னும் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு 95-96ஐ ஒரு துண்டு வயரால் லூப் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்த போர்டில் ரிலே இருப்பதும் இல்லாததும் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது: 415 வோல்ட் காயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே இருக்கும். மூன்றாவது ஃபேஸ் போனால் காண்டாக்டர் விடாது. அப்போது காப்பாற்ற வேண்டியது ரிலே. இப்போதைய மூன்று போல் ரிலேக்களில் ஒரு ஃபேஸ் இல்லை என்றால் சீக்கிரம் விழும் அமைப்பு இருக்கிறது. ஆனால் மோட்டார் பாதிச் சுமையில் ஓடினால் லைன் மின்னோட்டம் செட்டிங்கைத் தாண்டாமலே டெல்டாவின் ஒரு வைண்டிங் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாக வாய்ப்பு உண்டு. அதனால் கிணற்று மோட்டாருக்கு, ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் தனியே வேண்டும். வோல்ட்டேஜை மட்டும் பார்க்கும் பிரிவென்டரை ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஏமாற்றும். போன ஃபேஸிலும் மோட்டாரே கொஞ்சம் வோல்ட்டேஜை உண்டாக்கித் திருப்பி அனுப்பும். மின்னோட்டத்தைப் பார்க்கும் வகை ஏமாறாது.

மூன்றாம் வழி: எம்.பி.சி.பி.யும் காண்டாக்டரும்

எம்.பி.சி.பி. என்பது எம்.சி.பி.யும் ஓவர்லோடு ரிலேயும் ஒரே உடலில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். டயல் உண்டு, ஃபேஸ் போனால் உணர்வது உண்டு, வகுப்பு 10 உண்டு. உடனடி எல்லை மேல் அளவைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. 10 ஆம்பியர் வரை உள்ளதில் 130 ஆம்பியர். ஸ்டார்ட்டிங் 50 ஆம்பியர் அதைத் தொடாது, ஷார்ட்டில் கட்டாயம் விழும். டி16ஐவிட இது நல்ல இடம். இந்த அளவுகளில் ஷார்ட் தாங்கும் திறனும் சாதாரண எம்.சி.பி.யைவிடப் பல மடங்கு கூடுதல்.

ஷார்ட்டுக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்பதில்தான் அசல் வித்தியாசம். ஐ.இ.சி. 60947-4-1 இதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. வகை 1 என்றால் ஆளுக்கும் இடத்துக்கும் ஆபத்து வராது, ஆனால் காண்டாக்டரும் ரிலேயும் போயிருக்கலாம். வகை 2 என்றால் பாயிண்ட் லேசாக ஒட்டியிருக்கலாம், நெம்பிப் பிரித்துவிட்டு வேலையைத் தொடரலாம். எம்.பி.சி.பி. தயாரிப்பாளர்கள் தங்கள் காண்டாக்டரோடு சேர்த்துச் சோதித்து வகை 2 அட்டவணை கொடுக்கிறார்கள். அந்த அட்டவணையில் உள்ள ஜோடியைப் போட்டால்தான் அந்த உறுதி. எம்.பி.சி.பி. ஒரு கம்பெனி, காண்டாக்டர் வேறு கம்பெனி என்று கலந்தால் கூடுதல் விலை கொடுத்ததன் பாதிப் பலன் போயிற்று.

குறைகளும் உண்டு. விழுந்தால் போர்டுக்குப் போய்க் கையால்தான் ஏற்ற வேண்டும். விழுந்தது காண்டாக்டருக்குத் தெரியாது. பக்கத்தில் துணைப் பாயிண்ட் ஒன்று வாங்கி காயில் சுற்றில் தொடராக இணைக்க வேண்டும். இல்லையென்றால் எம்.பி.சி.பி.யை ஏற்றிய கணத்திலேயே மோட்டார் ஓடும். காண்டாக்டரே இல்லாமல் எம்.பி.சி.பி.யை மட்டும் வைத்தால் கரண்ட் திரும்பும்போது தானாக ஓடும் ஆபத்தும் திரும்பிவிடும். அண்டர் வோல்ட்டேஜ் ரிலீஸ் என்ற துணைப் பாகத்தைச் சேர்த்தால் அது தீரும். நாளைக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் போடும் சிறு டிரில்லிங் மெஷினுக்கு அந்த அமைப்பு கச்சிதம். இன்னொன்று: ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு எம்.பி.சி.பி. போட்டால் மூன்று போல் வழியாகவும் மின்னோட்டம் போகும்படி லூப் செய்ய வேண்டும். ஒரு போல் சும்மா இருந்தால் ஃபேஸ் போனதாக நினைத்து விழுந்துகொண்டே இருக்கும்.

ஃபியூஸோடு ஸ்டார்ட்டர் என்ற பழைய வழியையும் சொல்லிவிட வேண்டும். எச்.ஆர்.சி. (உயர் அறுப்புத் திறன்) ஃபியூஸ் ஷார்ட்டைக் கட்டுப்படுத்துவதில் யாருக்கும் சளைத்தது அல்ல. காண்டாக்டரை நன்றாகக் காப்பாற்றும். ஆனால் ஒன்று மட்டும் போனால் நாமே சிங்கிள் ஃபேஸ் உண்டாக்கியதாகிவிடும். கம்பி சுற்றும் ஃபியூஸ் கேரியரை மோட்டாருக்கு வைக்கவே வேண்டாம். இரண்டு இழை, மூன்று இழை என்று கம்பி கூடிக்கொண்டே போகும்.

செட்டிங்கில் நடக்கும் தப்புகள்

கெப்பாசிட்டர் எங்கே இணைத்திருக்கிறது என்று பார்க்காமல் டயலைத் தொடாதீர்கள். 5 எச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரை மோட்டார் டெர்மினலிலேயே இணைத்திருந்தால் ரிலே வழியாகப் போவது 7.5 அல்ல, 6.3 ஆம்பியர் அளவுதான். டயல் 7.5இல் இருந்தால் மோட்டார் தன் அளவைத் தாண்டிய பின்னும் ரிலே சும்மா இருக்கும். கெப்பாசிட்டரைக் காண்டாக்டருக்கும் ரிலேக்கும் நடுவில் இணைத்தால் இந்தக் குழப்பமே இல்லை. மோட்டாரிலேயே இருக்க வேண்டுமானால் டயலை 6.3க்கு இறக்குங்கள். முதலில் ஸ்டார், பிறகு டெல்டா என்று வைண்டிங் இணைப்பை மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வைண்டிங் பக்கம் இருந்தால் பெயர்ப் பலகை எண்ணை 0.58ஆல் பெருக்கி வைக்க வேண்டும். 7.5 எச்.பி., 10 எச்.பி. போர்டுகளில் இதை மறந்து முழு எண்ணை வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

எப்போது விழுகிறது என்பதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. போட்டவுடனே விழுந்தால் ஷார்ட், அல்லது எம்.சி.பி. எழுத்து தவறு. 5, 10 விநாடியில் விழுந்தால் மோட்டார் வேகம் எடுக்கவில்லை: வோல்ட்டேஜ் குறைவு, பேரிங் இறுக்கம், அல்லது ஒரு ஃபேஸ் இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் உண்மையான ஓவர்லோடு, அல்லது லூஸ் டெர்மினல். லூஸான திருகின் சூடு உள்ளே உள்ள பட்டைக்குப் போய் மின்னோட்டம் கூடாமலேயே அதை வளைத்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் மட்டும் விழுந்தால் அதற்கும் காரணம் உண்டு. எம்.சி.பி. 30 டிகிரியில் அளவு வைத்துச் செய்தது. பெட்டிக்குள் 50 டிகிரி ஆனால் 16 ஆம்பியர் என்பது 14க்குப் பக்கத்தில் வந்துவிடும். கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் அளந்து பார்த்த பிறகுதான் எதையும் மாற்ற வேண்டும். டயலை ஏற்றினால் ட்ரிப் நிற்கும், சூடு நிற்காது.

காண்டாக்டர் 'டடடட' என்று அடித்துக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டிங் மின்னோட்டம் நீள வயரில் வோல்ட்டேஜை இறக்கும், காயில் பிடி விடும், மோட்டார் நிற்கும், வோல்ட்டேஜ் ஏறும், காயில் மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் 50 ஆம்பியரைப் போட்டு, அறுத்து, பத்து விநாடியில் ஒரு வருடத் தேய்மானம் ஆகிவிடும், அல்லது பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். சாதாரண காயில் 85 சதவீதம் வோல்ட்டேஜ் இருந்தால்தான் பிடிக்கும் என்று உறுதி. 415க்கு அது 353. அதற்கும் கீழே போகும் ஊரில் குறைந்த வோல்ட்டேஜிலும் பிடிக்கும் வைட் பேண்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அது காண்டாக்டரைத்தான் பிடித்து வைக்கும். குறைந்த வோல்ட்டேஜில் ஓடும் மோட்டாரின் சூட்டை ரிலேதான் கவனிக்க வேண்டும்.

பாயிண்ட் கறுத்திருந்தால் அரம் போடாதீர்கள். வெள்ளிக் கலவை கறுப்பது இயல்பு, அதிலும் கரண்ட் நன்றாகவே போகும். அரம் போட்டால் போவது வெள்ளி. இரும்பு முகத்தில் கிரீஸும் வேண்டாம். உலர்ந்த துணி போதும். ஸ்டாப் செய்த பின்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பாயிண்ட் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். 'E' இரும்பின் நடுக்காலில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். பல வருடம் அடித்து அடித்து ஓரக்கால்கள் தேய்ந்து அந்த இடைவெளி மூடிவிட்டால், எஞ்சிய காந்தமே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த காண்டாக்டர் முடிந்துவிட்டது.

எந்த இடத்துக்கு எது

மாவு மில்லுக்கு இரண்டாம் வழி. 12 ஆம்பியர் காண்டாக்டர், கல் கனமாக இருந்தால் வகுப்பு 20 ரிலே, தூசி புகாத மூடியுள்ள பெட்டி. பணம் மிஞ்சினால் அதை எம்.பி.சி.பி.யில் போடாமல் நல்ல பெட்டியில் போடுங்கள்.

கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இரண்டாம் வழியோடு மின்னோட்டம் பார்க்கும் பிரிவென்டர். தண்ணீர் இல்லாமல் ஓடும்போது மின்னோட்டம் குறையும் என்பதால் ஓவர்லோடு ரிலேக்கு அது தெரியாது. டிரை ரன் பார்க்கும் வசதியும் அந்தப் பிரிவென்டரிலேயே இருக்கட்டும். ஃப்ளோட் சுவிட்சோ டைமரோ நேரடியாக காயிலை ஓட்டினால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். அது நாம் விரும்பியதுதான் என்றாலும் ஒரு ஆன் டிலே டைமர் அவசியம். கரண்ட் திரும்பிய கணத்தில் அந்த லைனில் உள்ள எல்லா மோட்டாரும் சேர்ந்து கிளம்பினால் வோல்ட்டேஜ் படுத்துவிடும். இத்தகைய ஆட்டோ போர்டில் ரிலேயின் ரீசெட்டைக் கட்டாயம் மேனுவலில் வைக்க வேண்டும். ஆட்டோவில் இருந்தால் விழும், ஆறும், மறுபடி ஓடும், மறுபடி விழும். ஆளில்லாத தோட்டத்தில் மோட்டார் எரியும் வரை இதே ஆட்டம்தான்.

லேத்துக்கு மூன்றாம் வழி, யோசிக்க வேண்டாம். மணிக்கு 60 தடவை போட்டு நிறுத்தினால், ஒரு நாளைக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள், மொத்தம் 1,44,000 தடவை. எம்.சி.பி. இதை நினைத்தும் பார்க்க முடியாது. காண்டாக்டருக்கு இது ஏழு வருட வேலை. முன்னும் பின்னும் ஓட்டுவதற்கு இரண்டு காண்டாக்டரும், இரண்டும் ஒரே நேரத்தில் மூட முடியாதபடி மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் வேண்டும். ஓடும்போதே திருப்பிப் போட்டு நிறுத்தும் பழக்கம் இருந்தால் அது ஏசி-3 அல்ல, ஏசி-4. முழு ஸ்டார்ட்டிங் மின்னோட்டத்தையே ஒவ்வொரு தடவையும் அறுக்க வேண்டும். அங்கே 12 ஆம்பியர் காண்டாக்டர் சில மாதத்தில் தேயும். 25 ஆம்பியருக்குப் போங்கள்.

மூன்று வழியில் எதைப் போட்டாலும் ஷாக் அடிப்பதை இவை தடுக்காது. மோட்டார் பாடியில் கசிவு வந்தால் ட்ரிப் ஆக ஆர்.சி.சி.பி. தனியே, அந்தப் பாடிக்கு உருப்படியான எர்த் தனியே வேண்டும்.

எம்.சி.பி.யோ எம்.பி.சி.பி.யோ சட்டென்று விழுந்துவிட்டால் கையோடு ஏற்றிப் பார்க்காதீர்கள். சப்ளையை மேலே அணைத்துவிட்டு, டெஸ்டரால் பார்த்து உறுதி செய்துகொண்டு, கெப்பாசிட்டர் இருந்தால் அது இறங்கும் வரை பொறுத்து, மோட்டார் வயரைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மோட்டாரை ரீவைண்டிங் கடையில் காட்ட வேண்டும். நன்றாக இருந்தால் காண்டாக்டரின் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பாருங்கள். மூன்றும் தனித்தனியே, தடையில்லாமல் எழும்ப வேண்டும். ஒட்டிய ஒரு பாயிண்ட்டோடு மறுபடி கரண்ட் கொடுத்தால், ஸ்டாப் நிலையிலும் ஒரு ஃபேஸ் மோட்டாரின் டெர்மினல் வரை உயிரோடு இருக்கும்.